வேதநாயகி டீச்சரின் மோரிஸ் மைனர்

1. கயிற்றில் வந்த கார்

முதலில் டிராக்டர்தான் என் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தது. அதன் பின்னால் தாம்புக் கயிற்றில் கட்டி இழுத்து வந்த ஒரு பழைய கார். ஸ்டியரிங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும், முன்னால் போகிற டிராக்டரை இடிக்காமல், கயிறும் தொய்யாமல் அந்த வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். இறங்கியதும் புடவையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"பாய், கால் பிரேக்கு சுத்தமா இல்ல. கை பிரேக்க வெச்சித்தான் வந்தேன். அதையும் வழியில பாதி தேய்ச்சிட்டேன்."

"யாராவது டிரைவரை உட்கார வெச்சிருக்கலாமே, டீச்சர்?" என்றேன். அவர் அபிஷேகப்பாக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர் என்பதை டிராக்டர்காரர் இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"இந்த வண்டிய எனக்குத் தெரியும் பாய். வேற யாருக்கும் தெரியாது."

அவர் பேர் வேதநாயகி. அப்போது நாற்பது வயது இருக்கும். கார் ஒரு மோரிஸ் மைனர், நாலு கதவு. ஒரு காலத்தில் சாம்பல் கலந்த பச்சை நிறமாக இருந்திருக்கும். அன்றைக்குப் பாதி உடம்பு துரு, மீதி கோழி எச்சம். பின்சீட்டில் எலி குட்டி போட்டிருந்தது. பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் ஜாம் ஆகவில்லை, கையால் ஃபேனைப் பிடித்துத் தள்ளினால் அசைந்தது. தரைதான் மோசம். கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே என் ஷெட்டின் சிமெண்ட் தெரிந்தது.

"இது வேலைக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகும். ஆனா மாசக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும்."

அம்பாசடர், பியட், மாருதி, வேன் என்று நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக எத்தனையோ வண்டி பார்த்துவிட்டேன். இப்போது முட்டி வலி, குழிக்குள் இறங்க முடியவில்லை. ஷெட்டை மகன் பார்த்துக்கொள்கிறான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய வண்டி என்றால் ஆசையோடு கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

2. வண்டி வந்த வழி

கடலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலில் வரவழைத்த வண்டி அது. அவர் ஊருக்குத் திரும்பும்போது கடலூர் டாக்டர் ஒருவரிடம் விற்றுவிட்டுப் போனார். டாக்டருக்கு வயதாகிக் கண் மங்கியபோது, டீச்சரின் அப்பா கோவிந்தசாமி வாங்கினார். பாகூரில் நஞ்சை, கரும்பு, இரட்டை மாட்டு வண்டி என்று இருந்த குடும்பம். அந்த வருஷம் கரும்பு நன்றாக விளைந்ததாம்.

டீச்சர் வேலை நடக்கும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். ஒரு நாள் நான் கேட்டேன், "நெலமெல்லாம் தம்பிக்குப் போச்சாமே டீச்சர், நீங்க இத மட்டும் எதுக்குக் கேட்டு வாங்கினீங்க?"

கையில் இருந்த உப்புக் காகிதத்தால் ஒரு ஹப் கேப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. அங்க இருக்க முடியல பாய். அப்பாவுக்கு எப்படியோ சேதி போச்சி. ஒரு நாள் மத்தியானம் அந்த வூட்டு வாசல்ல இந்த வண்டி வந்து நின்னுது. அப்பா கீழ இறங்கவே இல்ல. ஹாரன் அடிச்சார். நான் வெளிய வந்தேன். ஏறு-ன்னார். ஏறிட்டேன். எதுக்கு, ஏன்-னு வூடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல."

"அப்புறம்?"

"ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. வெளிய தல காட்ட முடியல. அடுத்த வாரமே அப்பா என்னை ஏரிக்கரை ரோட்டுக்குக் கூட்டிக்கினு போயி ஸ்டியரிங்குல உட்கார வெச்சார். ஊரே பாக்கட்டும்-னார்."

அப்பா போன பிறகு, பெரிய மனுஷர்கள் முன்னிலையில் பாகம் பேசினார்கள். நிலம், வீடு எல்லாம் தம்பி ராஜவேலு பேருக்கு. அக்காவுக்கு அரசாங்க வேலை இருக்கிறது, குடியிருக்கத் தோட்டத்துப் பக்கம் இரண்டு அறை போதும் என்று முடிவு. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, மாட்டுக் கொட்டகையில் நிற்கிற கார் வேண்டும் என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். "அதுல இன்னா இருக்குது, எடுத்துக்கோக்கா" என்று ராஜவேலுவும் சிரித்தானாம்.

3. தரை

மோரிஸ் மைனருக்குத் சேஸிஸ் என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது. தரையும் உடம்பும் ஒன்று. தரை போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், கதவு சாத்தாது. அவசரப்பட்டு எல்லாத் தகட்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் காரே இரண்டாக மடங்கும். கதவுகளுக்கு இடையில் ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் அடித்து, ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும். இதை நானும், தகடு வேலை பார்க்கும் என் டிங்கர் முருகையனும் அந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டி உடம்போடு சேரும். பேட்டரியைப் பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் டைனமோ வேலை செய்யாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்குள் இருக்கும். ஆயில் ஊற்றக் கார்ப்பெட்டைத் தூக்கி, சின்ன மூடியைக் கழற்ற வேண்டும். தெரியாதவன் நாள் பூராவும் பானெட்டுக்குள்ளே தேடுவான். நானும் தேடினேன். டீச்சர்தான் ஸ்டூலில் இருந்து எழுந்து வந்து கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு மாசம் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். சாமான் எதுவும் புதுச்சேரியில் கிடையாது. சென்னை புதுப்பேட்டையில் தேடி அலைந்தேன். அங்கேயும் கிடைக்காததை லேத்தில் கடைந்தோம்.

பொங்கல் கழிந்து வந்த வண்டி ஆடியில்தான் வெளியே போனது. சுவிட்சைப் போட்டதும் பானெட்டுக்குள் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நின்றது. ஸ்டார்ட்டர் பிடியை டீச்சரையே இழுக்கச் சொன்னேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முருகையன் டீ வாங்கி வந்து ஆறிப்போகும் வரைக்கும் இறங்கவில்லை.

4. கையெழுத்து

அதன் பிறகு அந்த வண்டி பாகூர், அபிஷேகப்பாக்கம், வில்லியனூர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சர் அதில்தான் பள்ளிக்கூடம் போனார். கிரீஸ் அடிக்க என்னிடம் வருவார். வழியில் மடக்குகிற போலீஸ்காரரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். வணக்கம் டீச்சர் என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

ஒரு தடவை டேஷ்போர்டில் இருந்த ஆர்.சி. புக்கைப் பார்த்தேன். அப்பா பேரிலேயே இருந்தது.

"இத உங்க பேருக்கு மாத்திடுங்க டீச்சர். தம்பி ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கேட்கிறேன் என்று போனார். அடுத்த தடவை வந்தபோது அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானாகக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"கேட்டேன் பாய். கூடப் பொறந்தவன் வாய்ச்சொல்லுல நம்பிக்கை இல்லாமத்தான் கையெழுத்துக் கேக்குறியா-ன்னான். அவன் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க. எனக்குக் கூசிப்போச்சி. வேணாம்பா, சும்மா கேட்டேன்னு வந்துட்டேன்."

அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ரிட்டயர் ஆனார். இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம், ஒரு தடவை எஞ்சின் இறக்கினோம். துரு ஒரு பொட்டு தெரிந்தாலும் அந்த வாரமே வண்டி என் ஷெட்டில் நிற்கும்.

5. வெள்ளம்

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை. விடாமல் கொட்டியது. அணையைத் திறந்துவிட்டார்கள், பெண்ணையாறு கரை மீறியது. பாகூர்ப் பக்கம் வயல் எது ரோடு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். விடிந்து கொஞ்ச நேரத்தில் டீச்சரிடமிருந்து போன்.

"பாய், வாசல் வரைக்கும் தண்ணி வந்துடுச்சி. இன்னும் ஏறும்-ங்கறாங்க. வண்டிய ரைஸ் மில் களத்துல ஏத்தணும். களம் மேடு. ஆனா வழியில முட்டிக்கால் தண்ணி."

"பானெட்டத் தொறந்து ஃபேன் பெல்ட்டக் கழட்டிடுங்க டீச்சர். இல்லன்னா ஃபேன் தண்ணிய வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல அடிக்கும், எஞ்சின் நின்னுடும்."

"அத அப்பவே கழட்டிட்டேன். அப்புறம்?"

"டிஸ்ட்ரிபியூட்டர பாலித்தீன் பையில சுத்திக் கட்டுங்க. ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கக் கூடாது. எடுத்தா சைலன்சர் வழியா தண்ணி ஏறிடும். எவன் குறுக்க வந்தாலும் நிறுத்தாதீங்க, ஹாரன் அடிச்சிக்கினே போங்க."

"சரி பாய்" என்றவர் போனை வைத்துவிட்டார். நான் அங்கே போக வழியில்லை. சங்கராபரணி ஆறும் நிரம்பி எங்கள் பக்கமும் ரோடு அடைபட்டுக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் மறுபடி மறுபடி போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

பிறகுதான் தெரிந்தது. நிறுத்தக் கூடாது என்று நான் சொல்லியும் டீச்சர் வழியில் நிறுத்தியிருக்கிறார். பக்கத்துத் தெருவில் பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண், குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டபோது எஞ்சின் இருமியது, ஆனால் அணையவில்லை, அது எங்கள் நல்ல காலம். களத்து மேட்டில் காரை நிறுத்தி, தண்ணீர் வடியும் வரைக்கும் அந்தத் தாயும் குழந்தையும் பின்சீட்டில், டீச்சர் முன்சீட்டில். கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்தக் காருக்குள் ஒரு சொட்டு ஒழுகாது. கதவுக்கும் கண்ணாடிக்கும் ரப்பரை நான்தான் போட்டேன்.

களத்தில் ஒதுங்கியிருந்த யாரோ அதை வீடியோ எடுத்துப் போனில் போட்டார்கள். பழைய கார், உள்ளே பச்சைக் குழந்தை, வெளியே வெள்ளம். எங்கெங்கேயோ சுற்றியது. எல்லாரும் பாராட்டினார்கள். கேடு அங்கிருந்துதான் வந்தது.

6. சாவி

தண்ணீர் வடிந்ததும் வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று பிரேக் டிரம், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்தோம். அப்போது ராஜவேலு வந்தான், கூடவே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து வந்த ஒருவர். பழைய கார் சேர்க்கிற பழக்கம் உள்ளவராம். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்டி போட்டு, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தரை ஒரிஜினல் மாதிரியே இருக்கு. யார் செஞ்சது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ராஜவேலு, "பாய், வண்டிய சீக்கிரம் மூட்டு. சார் எடுத்துக்கினு போறார்" என்றான்.

"டீச்சர் வந்து சொல்லட்டும்."

"டீச்சர் இன்னாத்துக்குச் சொல்லணும்? புக்கு எங்கப்பா பேர்ல இருக்குது. நான் அவரு புள்ள."

"அவங்களும் அவருக்குப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு டீச்சருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். சென்னைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, இது அப்பா சொத்து. நான் உனக்கு ஓட்டத்தான் குடுத்தேன், எழுதிக் குடுக்கல. இவ்ளோ வருஷம் ஓட்டிட்ட. போதும். எனக்கும் கஷ்டம் இருக்குது, வெள்ளத்துல பயிரெல்லாம் போச்சி."

"அன்னைக்குப் பெரியவங்க முன்னாடி குடுத்தியேடா ராஜூ."

"அவங்கள்ல ஒருத்தராவது இப்ப உயிரோட இருக்காங்களா? கூட்டிக்கினு வா."

முருகையன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். என்னாலும் பொறுக்க முடியவில்லை. டீச்சரைத் தனியாக அழைத்துப் போய் வேப்பமரத்தடியில் நிற்க வைத்துச் சொன்னேன். "கேஸ் போடுங்க டீச்சர். சட்டப்படி உங்களுக்கும் பாதி இருக்கு. நானே சாட்சி சொல்றேன், முருகையன் சொல்வான், ஊர்ல அத்தன பேரும் சொல்வாங்க. வண்டிய நான் வெளிய விட மாட்டேன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கேஸ் போட்டா வண்டி எங்க நிக்கும் பாய்?"

எங்கே நிற்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். தகராறில் மாட்டிய வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். வெயிலிலும் மழையிலும் டயர் மண்ணுக்குள் இறங்கி, உள்ளே செடி முளைத்து நிற்கும். அந்த வழியாகப் போகும்போது அப்படி நிற்கிற வண்டிகளைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

"மூணு மழை தாங்குமா நீங்க போட்ட தரை?" என்று கேட்டார்.

"தாங்காது டீச்சர்."

"கேஸு மூணு மழையில முடியுமா?"

டீச்சர் உள்ளே போய் சென்னைக்காரரிடம் கேட்டார்.

"எங்க வெப்பீங்க?"

"கூரை போட்ட ஷெட் இருக்கும்மா. ஈரம் தங்காது. மொத்தம் பதினஞ்சு வண்டிக்கு மேல இருக்கு. பாத்துக்கத் தனியா ஆள் வெச்சிருக்கேன்."

"செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். அவசரப்படுத்தக் கூடாது. கிங்பின்னுக்கு மாசா மாசம் கிரீஸ்."

"சரிம்மா."

தம்பி நீட்டிய ஆட்சேபணை இல்லாக் கடிதத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். முதலில் வண்டி ராஜவேலு பேருக்கு மாற வேண்டும், அப்புறம்தான் சென்னைக்காரர் பேருக்கு. அவன் கேட்ட கையெழுத்தை உடனே போட்டுவிட்டார். சாவியைத் தம்பி கையில் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"பிரேக்க நல்லா ப்ளீட் பண்ணிக் குடுங்க பாய். காத்து இருக்கக் கூடாது."

அந்த வேலையை முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வண்டியை ஏற்றிப்போக லாரி வந்த அன்று டீச்சர் வரவில்லை.

7. போர்டு

போன வருஷம் சென்னையில் பழைய கார்க் கண்காட்சி என்று என் மருமகன் அழைத்துப் போனான். ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அது நின்றது. பச்சை நிறம் பழையபடி, குரோமியம் எல்லாம் கண்ணைக் கூசவைத்தது. குனிந்து அடியில் பார்த்தேன். தரையில் துரு இல்லை. சொன்ன சொல்லை அந்த மனிதர் காப்பாற்றியிருந்தார்.

காருக்கு முன்னால் ஒரு போர்டு. வண்டியின் வரலாறு என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அழகாக அச்சடித்திருந்தார்கள். முதல் உரிமையாளர், மில் அதிகாரியான ஆங்கிலேயர். இரண்டாவது, கடலூர் டாக்டர். மூன்றாவது, பாகூர் கோவிந்தசாமி. நான்காவது, பாகூர் ராஜவேலு. அதற்குப் பிறகு சென்னைக்காரர் பேர். நான்காவது ஆள் அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததே இல்லை.

காருக்குப் பொறுப்பாகப் பக்கத்தில் நின்ற வாலிபரிடம் சொன்னேன். "தம்பி, இதுல ஒரு பேர் விட்டுப்போச்சி. இருபது வருஷத்துக்கு மேல வேதநாயகின்னு ஒரு டீச்சர் வெச்சிருந்தாங்க. இந்த வண்டி இன்னைக்கு இருக்குன்னா அவங்கதான் காரணம்."

அவர் அலட்சியம் செய்யவில்லை, கேட்டுக்கொண்டார். போனை எடுத்து எதையோ பார்த்தார். "அங்கிள், ஆர்.சி. டீட்டெயில்ஸ்ல அந்தப் பேர் இல்லையே. ரெக்கார்டுல இருக்கறதத்தான் நாங்க போட முடியும்."

"வண்டி ஓடுதா?"

"ஸ்டார்ட் ஆகும் அங்கிள். ரோட்ல எடுக்கறதில்ல. லாரியிலதான் கொண்டுவருவோம்."

அடுத்த வாரம் பாகூர் போனேன். டீச்சர் பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். மெலிந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தரை எப்படி இருக்கு பாய்?"

"சுத்தமா இருக்கு டீச்சர். ஒரு பொட்டு துரு இல்ல."

"ஓட்டறாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். "இல்ல. லாரியில ஏத்திக்கினு வராங்க."

பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். போர்டைப் பற்றியும் சொன்னேன். யார் யார் பேர் என்று வரிசையாகக் கேட்டார், நானும் வரிசையாகச் சொன்னேன். ராஜவேலு பேர் வந்ததும், "அப்படியா" என்றார். பஸ் வந்தது. கூட்டத்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

புதிதாக ஷெட் வைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பழைய வண்டி வந்தால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். கொண்டுவந்தவர் பேர் அதில் இல்லையென்றால் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஜாக்கியை எடுக்காதீர்கள். எவ்வளவு கண்ணீர் விட்டாலும் எடுக்காதீர்கள்.

மகனிடமும் இதையே சொல்லிவைத்திருக்கிறேன். போன மாசம் ஒரு அம்மா, செத்துப்போன வீட்டுக்காரரின் பழைய ஜீப்பை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். புக் மாமனார் பேரில் இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் தொடுகிறோம் என்று மகன் சொல்லிவிட்டான். அந்த அம்மா வண்டியைத் திருப்பச் சொன்னார். இன்னும் வரவில்லை.